நான்கு தீவுகளும் இரண்டு சாவிகளும்

எங்கள் அலுவலகம் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது. காலையில் படியேறும்போது பன் வேகும் வாசனை வரும். வெளியூரிலிருந்து யாரைக் கூட்டி வந்தாலும் முதல் பேச்சு அந்த வாசனை பற்றித்தான். நான்கு தீவு நாடுகளின் ஆட்கள் வந்த அன்று மட்டும் அப்படி நடக்கவில்லை. படியேறி வரும்போதே அவர்களுக்குள் வாக்குவாதம்.

அரசாங்க அலுவலக வேலைகளைக் கணினிக்குக் கொண்டுபோவது எங்கள் கம்பெனியின் தொழில். பிறப்பு, இறப்பு, நிலப் பதிவு, மீன்பிடி உரிமம் என்று எதுவானாலும் செய்வோம். நான் புரோகிராம் எழுதுகிறவள் இல்லை. எழுதுகிறவர்களுக்கும் அதை வைத்து வேலை செய்யப்போகிற ஊழியர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, இவர் கேட்பதை அவருக்குப் புரியும்படி சொல்வது என் வேலை. ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி ஜோகுபாளையம் வந்தபோது எனக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. பிறகு இந்த வேலைக்காகக் கோலார், தும்கூர், மண்டியா என்று தாலுகா ஆபீஸ் தாலுகா ஆபீஸாகப் போய் உட்கார்ந்து, கிராமக் கணக்கர்களோடு கன்னடத்திலேயே சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டேன். அதனால் கூட்டத்தில் குரல் உயர்ந்தால் எனக்குப் பதற்றம் வராது. எல்லோரும் தலையாட்டுகிற கூட்டம்தான் எனக்குப் பயம். அவர்கள் ஊருக்குப் போனதும் எதையும் செய்ய மாட்டார்கள்.

இந்த நான்கும் தூரத்துக் கடலில் பக்கம் பக்கமாக இருக்கும் நாடுகள். பக்கம் என்றால் கப்பலில் ஒரு நாள், ஒன்றரை நாள். நான்கின் ஜனங்களையும் சேர்த்தாலும் எங்கள் அல்சூர் பக்கத்து வார்டுகளுக்கு ஈடாகுமா என்பது சந்தேகம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தனிப் பிரதமர், தனிச் சட்டம். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு பெரிய அமைப்பை வாங்கி நடத்த முடியாது. வாங்கினாலும் கெட்டுப்போனால் பார்க்க ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் நான்கு பேரும் சேர்ந்து ஒன்றைக் கட்டிப் பகிர்ந்துகொள்வது என்று மேலே முடிவாகிவிட்டது. அதை எப்படிச் செய்வது என்று கண்டுபிடிக்க இவர்களை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

நான்கில் பெரிய நாட்டிலிருந்து வந்த அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். கசங்காத சட்டை, வெளிநாட்டுப் படிப்பு, எதைச் சொன்னாலும் எழுந்து போய்ப் பலகையில் படம் போட்டுச் சொல்லும் பழக்கம். கெட்டவர் இல்லை. தன்னுடையது நல்ல யோசனை என்று தெரிந்தவர்களுக்கு வரும் அவசரம் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

மிகச் சின்ன நாட்டிலிருந்து வந்தவர் அந்த நாட்டின் பதிவாளர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, நல்ல உயரம். பூப்போட்ட நீளக் கவுன், அதற்கு மேல் வந்த மறுநாளே கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஸ்வெட்டர். பெங்களூரின் ஆகஸ்டு மாதத் தூறல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தன் நாட்டில் இளவயதுக்காரர்கள் எல்லோருடைய பிறப்பையும் பதிந்தது தான்தான் என்று முதல் நாள் அறிமுகத்திலேயே சொன்னார். மற்ற இரண்டு நாடுகளிலிருந்தும் ஒரு வயதானவரும் ஓர் இளம்பெண்ணும் வந்திருந்தார்கள். அவர்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. பெரிய நாடும் சின்ன நாடும் சண்டை போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

சண்டை ஒரே விஷயத்தில்தான். பதிவுகளின் நகலை எங்கே வைப்பது?

ஒவ்வொரு நாடும் தன் பதிவுகளைத் தன் ஊரில் வைத்துக்கொள்ளும். அதில் தகராறு இல்லை. ஆனால் புயலும் வெள்ளமும் வரும் ஊர்கள். அசல் போனால் எடுத்துக்கொள்ள வேறு இடத்தில் ஒரு நகல் இருந்தாக வேண்டும். அதிகாரி பலகையில் ஒரு மலையும் அதன் மேல் ஒரு கட்டிடமும் வரைந்தார். அவர்கள் தலைநகரத்தில் மேட்டில் கட்டிய உறுதியான கட்டிடம். மின்சாரம் நிற்காது. வெளி உலகத்தோடு இணைக்கும் கடலடிக் கேபிள் மற்றவர்களுக்கெல்லாம் ஒன்று, அவர்களுக்கு இரண்டு. நான்கு நாடுகளின் நகலும் அங்கே இருக்கட்டும் என்றார்.

"வேண்டாம்" என்றார் பதிவாளர்.

"காரணம் சொல்லுங்கள்."

"எங்கள் நிலப் பதிவுகளை உங்கள் ஆட்கள் ஏற்கெனவே ஒருமுறை கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று சொல்லித்தான் போனார்கள். இன்னும் வரவில்லை."

பதிவாளரின் தீவை ஒரு காலத்தில் இந்த அதிகாரியின் நாட்டுக்காரர்கள்தான் நிர்வகித்திருக்கிறார்கள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "அப்போது நான் பிறக்கவே இல்லை. அது வேறு காலம்" என்றார்.

"காலம் வேறுதான். திசை அதேதான்."

அதற்குப் பிறகு அன்று வேலை நடக்கவில்லை. அடுத்த நாளும் நடக்கவில்லை. நகலைச் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ வைத்துவிடலாமே என்று புரோகிராம் எழுதும் எங்கள் பையன்கள் கேட்டார்கள். அதற்கு நான்கு பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். ஒரு சண்டையில் இருப்பவர்கள் மூன்றாவது ஆளுக்கு எதிராக உடனே ஒன்றுசேர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது. எங்கள் தெருவிலேயே குழாய்த் தண்ணீருக்குக் காலையில் பக்கத்து வீட்டோடு சத்தம் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கு அதே வீட்டில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களும் அந்த ரகம்தான் என்று தோன்றியது.

எங்கள் முதலாளி ஹாசன்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். தமிழ் நன்றாகவே பேசுவார், பாதியில் கன்னடம் நுழைந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இது இழுத்துக்கிட்டே போகுது. அந்தம்மாவைக் கொஞ்சம் கன்வின்ஸ் மாடி, பண்ணுங்க."

"அந்தம்மா சொல்றதுல தப்பு இல்ல சார். மாற வேண்டியது நம்ம டிசைன்தான்" என்றேன்.

"என்னன்னு மாத்தறது?"

"அது இன்னும் தெரியல. திங்கக்கிழமை சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. இத்தனை வருட வேலையில் நான் கற்றுக்கொண்டது அந்த நிதானத்தைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக பேங்க் லாக்கரிலிருந்து நகை எடுக்க வேண்டியிருந்தது. காலையில் பதிவாளர் போன் செய்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பம் நடத்தும் விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார். விடுதி அம்மா அன்பானவர்தான், ஆனால் மற்ற மூவரும் மைசூர் பார்க்கப் போய்விட்டார்கள், அதிகாரியோடு ஒரே வண்டியில் உட்காரத் தனக்கு மனமில்லை, அறையில் சும்மா உட்கார்ந்தால் குளிர்கிறது என்றார். நான் ஆட்டோவில் போய் அவரை ஏற்றிக்கொண்டேன்.

பேங்கில் கூட்டம் இல்லை. லாக்கர் பார்க்கும் பெண் எனக்குப் பழக்கம். "பன்னி மேடம்" என்று கன்னடத்தில் வரவேற்று, "இவங்க யாரு?" என்றாள். விருந்தாளி என்றேன். உள்ளே விடக் கூடாது, கதவுக்கு வெளியே நின்று பார்க்கட்டும் என்றாள். பதிவாளர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் தன் சாவியை முதலில் போட்டுத் திருப்பினாள். பிறகு நான் என் சாவியைப் போட்டுத் திருப்பினேன். பெட்டி திறந்ததும் அவள் வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் வேண்டியதை எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் பதிவாளர் கேட்டார். "அவளிடம் எல்லாப் பெட்டிக்கும் சாவி இருக்கிறதா?"

"இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் திறக்க முடியாது."

"உன் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு?"

"அதுவும் முடியாது."

"கட்டிடம் அவர்களுடையது. உள்ளே இருப்பது உன்னுடையது."

"ஆமாம்."

ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தோம். பிறகு, "உன் சாவி தொலைந்துபோனால்?" என்றார்.

"எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் வரவழைத்து, சாட்சி வைத்து, என் கண் முன்னால் உடைப்பார்கள்."

"நீ வர முடியாத நிலையில் இருந்தால்?"

"என் வீட்டுக்காரர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அவர் வருவார். அப்போதும் சாட்சி வேண்டும்."

அதோடு கேள்வியை நிறுத்திக்கொண்டார். ஆட்டோவில் ஜோகுபாளையம் வரும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் சமையல் முடித்து வைத்திருந்தார். பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதற்குப் பிறகு அடுப்படியை என்னிடமிருந்து முழுதாக எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. வற்றல் குழம்பும் கோஸ் பொரியலும்தான். கடல் நடுவிலிருந்து வந்த விருந்தாளிக்கு மீன் இல்லாத சாப்பாடா என்று அவருக்குச் சங்கடம்.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் என்னிடம்.

"அவங்க ஊர்ல தினம் மீன்தாங்க. இது அவங்களுக்குப் புதுசு."

பதிவாளர் வற்றல் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்த பேங்க் மாதிரி ஒன்று செய்ய முடியுமா உங்கள் பையன்களால்?"

எனக்கும் அதே யோசனைதான் பேங்கிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். இந்த வேலையில் யோசனை யார் வாயிலிருந்து வருகிறது என்பது முக்கியம். நான் சொல்லியிருந்தால் அது கம்பெனியின் திட்டம். அவர் சொன்னால் அது அவர் நாட்டின் நிபந்தனை.

திங்கட்கிழமை கூட்டத்தில் அவரே எழுந்து பலகைக்குப் போனார். அதிகாரி வரைந்திருந்த மலையையும் கட்டிடத்தையும் அழிக்காமல், கட்டிடத்துக்குள் ஒரு பெட்டி வரைந்தார். பெட்டியில் இரண்டு துளைகள்.

"நகல் உங்கள் கட்டிடத்தில் இருக்கட்டும். ஒரு சாவி உங்களிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். யார் திறந்தார்கள், யாருடைய பதிவைப் பார்த்தார்கள் என்பது எழுதப்பட வேண்டும். வேலை முடிந்ததும் மூட வேண்டும். மற்ற இரண்டு நாடுகளுக்கும் இதே மாதிரி."

அதிகாரி பெட்டியின் ஒரு துளையை விரலால் தொட்டுக் காட்டினார். "புயல் அடித்து உங்களோடு தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நகல் தேவைப்படும். அப்போது உங்கள் சாவிக்கு நான் எங்கே போவது?"

சரியான கேள்வி. நான் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

"அப்போது இவர்கள் இருவரும் சாட்சி" என்று பதிவாளர் வயதானவரையும் இளம்பெண்ணையும் கை காட்டினார். "அவர்கள் இருவரின் சாவியும் சேர்ந்தால் என் சாவிக்குச் சமம். ஒருவர் போதாது. இரண்டு பேரும் வேண்டும்."

அதுவரை பேசாமல் இருந்த வயதானவர் அப்போது வாயைத் திறந்தார். "ஆக, எங்களுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுதுகோலை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னச் சாவிகளை வரைந்தார்.

எங்கள் பையன்களிடம் கேட்டேன். முடியும், ஆனால் நாள் பிடிக்கும் என்றார்கள். பிடிக்கட்டும் என்றேன். பென் டிரைவ் மாதிரி கட்டைவிரல் அளவில் ஒரு சாவி, அதோடு ஒரு ரகசியச் சொல் என்று முடிவாயிற்று. அவர்கள் ஊருக்குத் திரும்பும் முன் வரைவு ஒப்பந்தம் தயாராகிவிட்டது. சில மாதங்களில் நான்கு நாடுகளின் அமைச்சர்களும் அதற்குச் சம்மதித்து, சின்ன நாட்டின் பதிவுகளெல்லாம் நகலாகி அந்த மேட்டுக் கட்டிடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஜனவரியில் நால்வரும் இரண்டாம் முறை வந்தார்கள். தங்கள் ஊர் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தாங்கள் கற்றுக்கொள்ளும் பயிற்சி. பதிவாளர் தன் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துக் கோத்திருந்தார். அதிகாரி பர்ஸில் வைத்திருந்தார். இருவருக்கும் இடையில் பெரிய சிநேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

பயிற்சியின் நடுவில் அவர்கள் கடலில் புயல் உருவானது. எங்கள் டி.வி.யில் அது செய்தியே இல்லை. அதிகாரியின் லேப்டாப்பில்தான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வட்டம் மற்ற மூன்று நாடுகளையும் விட்டுவிட்டு, சின்னத் தீவின் மேல் போய் நின்றது. முதலில் போன் நின்றது, பிறகு கேபிள். அந்த நாடு வரைபடத்தில் இருந்தது, ஆனால் அங்கிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

பதிவாளர் அழவில்லை. வகுப்புக்கு வந்தார், குறிப்பெடுத்தார். மதியம் சாப்பிடவில்லை. என் கணவரிடம் போனில் சொன்னேன். மறுநாள் காலை மிளகு ரசமும் குழைந்த சோறும் டிபன் கேரியரில் கொடுத்தனுப்பினார். "அவங்களைக் கட்டாயப்படுத்தாத. பக்கத்துல வெச்சுட்டு நீ பாட்டுக்கு வேலையைப் பாரு" என்றார். அப்படியே செய்தேன். நான் பார்க்காத நேரத்தில் ஒரு டப்பா காலியாகியிருந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் அதிகாரிக்கு அவர் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அவர் தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு நேராகப் பதிவாளரிடம் வந்தார்.

"உங்கள் ஊரிலிருந்து ஒரு கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. நோயாளிகள், குழந்தைகளோடு தாய்மார்கள், வீடு போனவர்கள். யாரிடமும் ஒரு காகிதமும் இல்லை. உங்கள் அலுவலகத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனால் யாரும் சாகவில்லை என்று கப்பல் கேப்டன் சொல்கிறார்."

பதிவாளர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது, "என்ன செய்ய வேண்டும்?" என்றார்.

"ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் தங்க அனுமதி கொடுக்கவும் எங்கள் ஆட்களுக்கு அவர்கள் யார் என்று பதிவு வேண்டும். இல்லையென்றால் எல்லோரையும் ஒரு கொட்டகையில் உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் சட்டம் அப்படி." கொஞ்சம் தயங்கினார். "உங்கள் நகலைத் திறக்க வேண்டும். நீங்கள் சம்மதித்தால்."

அவர் அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்த்ததை நான் கவனித்தேன். பதிவாளரும் கவனித்திருக்க வேண்டும். சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றினார்.

இரண்டு நாற்காலிகளை ஒரே மேஜைக்கு இழுத்துப் போட்டோம். அதிகாரி தன் சாவியைச் செருகி ரகசியச் சொல்லைத் தட்டினார். பிறகு பதிவாளர். எங்கள் பையன்கள் பின்னால் வந்து நின்றார்கள். சோதனையில் எத்தனையோ முறை திறந்தாயிற்று, நிஜத்தில் இதுதான் முதல் முறை. திரையில் அந்தத் தீவின் சின்னமும் தேடும் கட்டமும் வந்தன. அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த பெருமிதம் என் பிள்ளை பாஸான அன்று கூட இருந்ததில்லை.

துறைமுகத்தில் ஒரு மேஜை போட்டு, வீடியோவில் எங்களோடு பேசினார்கள். நமக்கு முற்பகல், அங்கே மாலை வெயில். ஒவ்வொருவராக மேஜைக்கு வந்தார்கள். பதிவாளர் அவர்கள் மொழியில் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம் கேட்பார். அவர்கள் சொல்வது பதிவோடு ஒத்துப்போனால் அதிகாரி ஒரு பொத்தானை அழுத்துவார். அங்கே துறைமுகத்தில் ஒரு தற்காலிக அட்டை அச்சாகி வெளியே வரும். திரையில் பதிவாளரைப் பார்த்ததும் ஜனங்கள் மேஜை மேல் சாய்ந்து ஏதேதோ பேச ஆரம்பித்தார்கள். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் கேள்வியையும் விடவில்லை. ஒரு சின்னப் பெண் தன் பெயரைச் சொல்ல மறுத்து, அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்காக மட்டும் பதிவாளர் ஏதோ பாட்டுப் பாடினார். குழந்தை பெயரைச் சொல்லிவிட்டது.

வரிசையின் பின்பக்கத்தில் ஒரு பருத்த மனிதர் வந்து நின்றார். தலையில் கட்டு. திரையைப் பார்த்துச் சிரித்தார். பதிவாளர் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில் பெயரைக் கேட்டார். அந்த மனிதர் ஏதோ சொல்லிச் சிரித்தார். இவர் மறுபடியும் கேட்டார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரைச் சொன்னார், பிறந்த இடத்தைச் சொன்னார். அட்டை அச்சானது. அதற்குப் பிறகு பதிவாளர் குனிந்து, மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இடைவேளையில் நான் கேட்டேன். "உங்கள் வீட்டுக்காரரா?"

"ஆமாம்."

"கடைசியில் என்ன கேட்டீர்கள்?"

"பன்றி என்னவாயிற்று என்று கேட்டேன். பெரிய பன்றி பிழைத்துவிட்டது. குட்டிகள் இல்லை." சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வரும்போது கண்கள் சிவந்திருந்தன. உட்கார்ந்ததும், "அடுத்தவர்" என்றார்.

வரிசை முடிந்தபோது பேக்கரியில் சாயங்கால பப்ஸ் போட ஆரம்பித்திருந்தார்கள். அதிகாரி கைகளை நீட்டிச் சோம்பல் முறித்தார். "நாளைக்கு இன்னொரு கப்பல் வருகிறது. இதை இப்படியே திறந்து வைத்திருக்கலாம், காலையில் நேரம் மிச்சம்" என்றான் எங்கள் பையன்களில் ஒருவன்.

நான் பதிவாளரைப் பார்த்தேன். களைத்துப்போயிருந்தார், எதிர்த்துப் பேசும் தெம்பு இருந்ததா என்று தெரியவில்லை. அவர் பேசத் தேவையே இருக்கவில்லை. அதிகாரி தன் சாவியைப் பிடுங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டார். திரை இருண்டது.

"நாளைக்கு மறுபடியும் திறப்போம்" என்றார் அந்தப் பையனிடம். "அதிக நேரம் ஆகாது."

பதிவாளர் தன் சாவியை எடுத்துச் சங்கிலியில் கோத்தார். கீழே இறங்கிப் போய் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கி வந்தார். அதிகாரிக்கு மட்டும் இரண்டு.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே திறந்து மூடினோம். கேபிளைச் சரிசெய்து அந்தத் தீவு மறுபடி பேச ஆரம்பிக்கும்வரை பதிவாளரின் அரசாங்கம் எங்கள் பிரேசர் டவுன் மாடியில் ஒரு மேஜையில் நடந்தது என்று எங்கள் முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் கூடுதல். அரசாங்கம் துறைமுகத்திலும் கப்பலிலும் பல பேர் கையில் நடந்தது. எங்களிடம் இருந்தது அதில் ஒரு துண்டு. ஆனால் அந்தத் துண்டு இல்லாவிட்டால் அந்த ஜனங்கள் கொட்டகையில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் உண்மை.

பதிவாளர் ஊருக்குப் போய் ஈரமான அலுவலகத்தைக் காயவைத்து, நகலிலிருந்து அசலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஒரு பதிவு கூடக் குறையவில்லை. நான்கு நாடுகளும் இப்போது மீன்பிடி உரிமத்தையும் பள்ளிச் சான்றிதழையும் இதே அமைப்பில் சேர்த்திருக்கின்றன. வீட்டு முகவரியில் தெருப்பெயர் கட்டாயமா என்பதில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. தெருவே இல்லாத ஊரில் தெருப்பெயருக்கு எங்கே போவது என்று பதிவாளர் வாரா வாரம் வீடியோ கூட்டத்தில் கேட்கிறார். அதிகாரி வாரா வாரம் பலகையில் படம் போடுகிறார்.

சென்ற மாதம் ஐந்தாவதாக ஒரு நாடு சேர விரும்புவதாகச் செய்தி வந்தது. அவர்களுடைய ஆள் அடுத்த வாரம் பெங்களூர் வருகிறார். முதல் இரண்டு நாட்களுக்கு அவருக்கு விஷயத்தை விளக்கிச் சொல்லப்போவது நான் இல்லை. அதற்கென்று பதிவாளரும் அதிகாரியும் சேர்ந்து வருகிறார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் விடுதி அம்மாவிடம் மூன்று அறைகளுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குவதால், இந்த முறை மீன் வாங்கிவிடலாம் என்று என் கணவர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.